மார்க்கும் படிப்பும்

பரீக்ஷை முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் மட்டும், மார்க்கு என்பது கல்வியின் அளவுதானா என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, ஜூன் பிறந்ததும் மறந்துவிடுவது நம்மவர் வழக்கமாகிவிட்டது.

இம்முறை நமக்கு வந்த வரலாற்றை நோக்குவோம். 1844-இல் ஹார்டிஞ்சின் ஆட்சி, சர்க்கார் உத்தியோகங்களில் இங்கிலீஷ் படித்தவர்க்கே முதலிடம் என்று தீர்மானித்தது. 1857-இல், லண்டன் சர்வகலாசாலையைப் பின்பற்றிச் சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பட்டபோது, பாடஞ் சொல்லுதல் அதன் வேலையாக இருக்கவில்லை. பரீக்ஷை வைத்துப் பட்டம் அளிப்பதே அதன் தொழில். உத்தியோகத்துக்கு ஆள் பொறுக்கச் செய்த சல்லடையையே கல்வியின் உருவமென்று நாம் இன்றுவரை கொண்டாடி வருகிறோம்.

கணித மேதை இராமானுஜனுக்குக் கும்பகோணம் சர்க்கார் கலாசாலை அளித்த உபகாரச் சம்பளம், ஏனைய பாடங்களில் அவர் கருத்துச் செலுத்தாமையால் நின்றுபோயிற்று. பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்து படித்தும் எப்.ஏ. பரீக்ஷையில் அவர் தேறவில்லை, 1907-இலும் தவறினார். அவரைத் தள்ளிய அதே சர்வகலாசாலைதான், கேம்பிரிட்ஜ் ஹார்டி அவரைப் பாராட்டிய பிறகு, 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கொடுத்தது. இத்தகையோர் நூறாண்டுக்கு ஒருவர். அவரைக் கொண்டு பொதுவிதி வகுக்கலாகாது என்பர் சிலர். ஒப்புகிறோம். சாமானிய மாணவனையே பார்ப்போம்.

தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகள் பல, பதினோராம் வகுப்புப் பாடத்தைக் கைவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டும் உருப்போடச் செய்தன. மார்க்கு குவிந்தது, கலாசாலையில் அடியெடுத்து வைத்ததும் பிள்ளைகள் திணறினர். சர்க்கார் கண்ட பரிகாரம் யாது? 2017–18 முதல் பதினோராம் வகுப்புக்கும் ஒரு பொதுப் பரீக்ஷை! பரீக்ஷையால் வந்த நோய்க்குப் பரீக்ஷையே மருந்து! 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அம்மருந்தை நிறுத்திற்று, நோய் நிற்கவில்லை. மாநில முதலிடப் பட்டியல் 2017-இல் ஒழிந்ததை நாம் வரவேற்கிறோம். ஆயினும் பிள்ளைகளின் முகமும் மார்க்கும் தாங்கிய பலகைகளுக்குப் பள்ளி வாயில்களில் இன்றும் குறைவில்லை.

மார்க்கே வேண்டாமென்று நாம் கூறவில்லை. அது ஒழிந்த இடத்தில் சிபாரிசும் ஜாதியும் பணப்பையும் வந்து உட்காரும். ஏழைக் குடியானவன் மகள் தன் மார்க்கு ஒன்றையே துணையாகக் கொண்டு பெரிய கலாசாலையின் கதவைத் தட்டுகிறாள். அவளிடமிருந்து அதைப் பறிக்க நாம் துணியோம். ஆதலின் வாயிலில் சல்லடை இருக்கட்டும். பன்னிரண்டு ஆண்டும் குழந்தையைச் சல்லடைக்குள்ளேயே வைத்து ஆட்டுவது எதற்கு?

தன் பிழையைக் கண்டு திருத்திக்கொள்பவனே கற்கிறான். பிளஸ் டூ மாணவன் தான் எங்கே பிழைத்தான் என்று அறிய விரும்பினால், கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தே தன் விடைத்தாளின் நகலைப் பெறவேண்டும். அதையும் மார்க்கு ஏறுமா என்று பார்ப்பதற்காகவே வாங்குகிறார்கள். திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் மணலில் எழுதவைத்து, பிழையை அக்கணமே அழித்துத் திருத்தினார். அவருடைய பிரம்பையும், அத்திண்ணையில் எல்லா ஜாதிப் பிள்ளைகளுக்கும் இடமில்லாதிருந்ததையும் நாம் மறக்கவில்லை. அவற்றைத் திரும்பக் கேட்கவுமில்லை. அந்த மணலைக் கேட்கிறோம்.

திருத்திய விடைத்தாள் கட்டணமின்றி மாணவன் கைக்கே திரும்பட்டும். தேர்ச்சி விகிதத்தைக் காட்டி உபாத்தியாயரை மிரட்டுவதை அதிகாரிகள் விடட்டும். இவற்றிற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டுவதில்லை. கல்வி இலாகாவின் ஓர் உத்தரவு போதும்.