மணிக்கணக்கில் வாடகைக்கு வரும் வலைகள்: ஹைதராபாத்தின் சிறார் கிரிக்கெட் குறித்துச் சில கருத்துகள்

ஹைதராபாத்தின் மேற்குப் பகுதிகளில் கடந்த சில ஆண்டுகளாக ஒரு புதிய தொழில் வளர்ந்து வருகிறது. கச்சிபௌலி, கொண்டாப்பூர், மியாப்பூர் போன்ற இடங்களில், கட்டடம் எழும்பாத தனியார் மனைகளிலும் மொட்டை மாடிகளிலும் செயற்கைப் புல் விரித்து, பக்கங்களிலும் மேலும் வலை கட்டி, விளக்குகள் பொருத்தி, கிரிக்கெட் பயிற்சிக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். சிலவற்றில் பந்துவீச்சு இயந்திரமும் உண்டு. பெற்றோர் கைபேசிச் செயலியில் நேரத்தைப் பதிவு செய்து, பிள்ளையை அழைத்து வந்து, நேரம் முடிந்ததும் கூட்டிச் செல்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டுப் பின்முற்றத்தில் வலைக்கூண்டு அமைத்து, பேஸ்பால் பழகும் சிறாருக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் வழக்கம் உண்டு. ஹைதராபாத்தில் காணப்படுவது அதன் கிரிக்கெட் வடிவம் எனலாம்.

இவ்வலைகளின் உரிமையாளர்களைக் குறை கூறுவது எளிது. அதனால் பயன் ஏதுமில்லை. அவர்கள் ஓர் உண்மையான தேவைக்குத்தான் விடை தருகிறார்கள். அடுக்ககங்களின் நடைபாதையில் பந்து விளையாடக் கூடாது என்று அறிவிப்புப் பலகை தொங்குகிறது. தெருவில் வாகனங்கள் ஓய்வதில்லை. பல தனியார் பள்ளிகளும் இளநிலைக் கல்லூரிகளும் குடியிருப்புக் கட்டடம் போன்ற மாடிகளிலேயே இயங்குகின்றன. இந்நிலையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மட்டை வீச ஓரிடம் வேண்டுமென்றால், பெற்றோர் பணம் கொடுத்து அதைப் பெறுவதில் வியப்பில்லை. திடலுக்குத் துணையாக இருக்க வேண்டிய வலை, திடலுக்கு மாற்றாக ஆகிவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அப்போது விளையாட்டிலிருந்து எது வெளியேறுகிறது, யார் வெளியேற்றப்படுகிறார்கள் என்னும் இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதற்கேள்வி பயிற்சியின் தன்மை பற்றியது. வலையின் வலிமை எண்ணிக்கையில் இருக்கிறது. பதினைந்து நொடிக்கு ஒரு பந்து என்று இயந்திரத்தை இயக்கினால் ஒரு மணி நேரத்தில் 240 பந்துகளை ஒரே சிறுவன் எதிர்கொள்ளலாம். திடலில் நடக்கும் பத்து ஓவர் ஆட்டத்தில் ஓர் அணிக்கே கிடைப்பவை 60 பந்துகள்தாம். ஒருவனுக்குப் பத்துப் பந்து கிடைத்தால் அதுவே பெரிது. மட்டையை நேராகக் கொண்டுவரவும், முன்காலை ஊன்றி ஆடவும் பழகுவதற்கு இந்த எண்ணிக்கை உதவும் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் எண்ணிக்கை மட்டுமே திறனாகிவிடுவதில்லை. ராஸ் பிண்டர், இயன் ரென்ஷா, கீத் டேவிட்ஸ் ஆகியோர் வளர்ந்துவரும் கிரிக்கெட் வீரர்களைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு இங்கு கருதத்தக்கது. மனிதர் வீசும் பந்தை ஆடும்போதும் இயந்திரம் வீசும் பந்தை ஆடும்போதும் இளம் மட்டையாளர்களின் அசைவுகளும் அவற்றின் கால ஒழுங்கும் வேறுபடுவதை அவர்கள் கண்டனர். காரணம் எளிது. மட்டையாளரின் கண் பந்தை மட்டும் பார்ப்பதில்லை. ஓடிவரும் வேகம், தோளின் திருப்பம், மணிக்கட்டின் சாய்வு ஆகியவற்றை முன்கூட்டியே படித்துக்கொள்கிறது. இயந்திரத்திற்குத் தோளுமில்லை, மணிக்கட்டுமில்லை.

வலைக்குள் களத்தடுப்பாளர் இல்லை. எனவே இடைவெளி பார்த்து அடிக்கும் பழக்கமும் இல்லை. மறுமுனையில் இணையாட்டக்காரர் இல்லை. எனவே ஓட்டத்திற்கு அழைப்பதும் மறுப்பதும் இல்லை. வாடகை செலுத்துபவர் பெரும்பாலும் மட்டையாளரின் பெற்றோர் என்பதால், பந்து வீசுவது பிறருடைய வேலையாகவோ இயந்திரத்தின் வேலையாகவோ ஆகிவிடுகிறது. ஆட்டமிழந்தவன் வெளியே போக வேண்டும் என்னும் விளையாட்டின் அடிப்படை விதியே வலைக்குள் செல்லாது. எத்தனை முறை ஸ்டம்ப் சிதறினாலும் கட்டிய பணத்திற்கு உரிய நேரம் வரை ஆடலாம். தோற்றுக் காத்திருப்பது, தன் முறை வரும்வரை பிறருக்காக ஓடுவது, நடுவர் இல்லாத ஆட்டத்தில் வாதிட்டு உடன்பாட்டுக்கு வருவது ஆகியவை திடல் கற்பிக்கும் பாடங்கள். இவற்றுக்கு மணிக்கணக்கு கிடையாது.

இரண்டாவது கேள்வி கூடுதல் கனமுடையது. ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். மணிக்கு 500 ரூபாய் வாடகை என்று கொண்டால், வாரம் மூன்று முறை வீதம் மாதம் 12 முறைக்கு 6,000 ரூபாய் ஆகிறது. மட்டை, கால்காப்பு, தலைக்கவசம், பயிற்சியாளர் ஊதியம், போக்குவரத்து ஆகியவை தனி. தொழில்நுட்ப நிறுவனத்தில் பணிபுரியும் பெற்றோருக்கு இது ஒரு செலவு. அதே வளாகத்தின் வாயிற்காவலருக்கோ, ஆட்டோ ஓட்டுநருக்கோ இது எட்டாத் தொகை. ஒரே தெருவில் வாழும் இரண்டு சிறுவர்களில் ஒருவன் விளக்கொளியில் ஆடுகிறான். மற்றவன் வலைக்கு வெளியே நின்று, தப்பி வரும் பந்தை எடுத்துப் போடுகிறான்.

இதற்கு மறுப்பாக முகமது சிராஜின் பெயர் சொல்லப்படுவதுண்டு. ஆட்டோ ஓட்டுநரின் மகன். டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். 2015இல் ஹைதராபாத் அணிக்காக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமாகி, 2023 ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் இலங்கைக்கு எதிராக 21 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளை வீழ்த்தியவர். வாடகை வலை இல்லாமலே ஒருவர் உச்சத்தை எட்டலாம் என்பதற்கு அவர் சான்றாகக் காட்டப்படுகிறார். உண்மையில் அவர் காட்டுவது வேறொன்று: அவர் ஆடி வளர்வதற்கு, நுழைவுக் கட்டணம் இல்லாத ஒரு பொட்டல் அப்போது இருந்தது. அது இல்லாமற் போனால் அந்த வழியும் அடைபடும்.

திலக் வர்மாவின் வாழ்க்கை இதை மேலும் தெளிவாக்குகிறது. மின்பணியாளரின் மகனான அவர் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்ததைக் கண்ட பயிற்சியாளர் சலாம் பயாஷ், அவரைத் தம் பயிற்சியகத்தில் சேர்த்துக்கொண்டார். நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடியில் உள்ள லிங்கம்பள்ளிக்குத் தம் இருசக்கர வாகனத்திலேயே அழைத்துச் சென்றார். 2025 ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 69 ஓட்டங்கள் எடுத்து வெற்றி தேடித்தந்த மட்டைக்குப் பின்னால் ஒரு தனிமனிதரின் ஈகை இருக்கிறது. அந்த ஈகை போற்றுதற்குரியது. ஆனால் ஒரு மாநகரின் பிள்ளைகள் விளையாடுவது தற்செயலாக வாய்க்கும் நல்லாசிரியரை நம்பியிருக்க வேண்டியதில்லை. அப்படி எவரும் கண்டெடுக்காத பிள்ளைகளின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

வாடகைப் பயிற்சி நெடுங்காலமாக வேரூன்றிய அமெரிக்கப் பேஸ்பாலின் அனுபவம் இங்கு ஓர் எச்சரிக்கை. அந்நாட்டின் முதன்மைப் பேஸ்பால் லீக்கில் கறுப்பின அமெரிக்க வீரர்களின் விகிதம் 1981இல் 18.7 விழுக்காடாக இருந்தது; 2024 பருவத் தொடக்கத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. இதற்குக் காரணங்கள் பல. கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து ஆகியவற்றின் ஈர்ப்பும் அவற்றுள் ஒன்று. ஆயினும் சிறார் பேஸ்பால் பணம் கட்டி ஆடும் விளையாட்டாக மாறியது முக்கியமான காரணம் என்பதை அவ்விளையாட்டின் உள்ளிருப்போரே சொல்லியிருக்கிறார்கள். எளிய குடும்பத்தில் பிறந்த வீரர் ஆண்ட்ரூ மெக்கட்சன் 2015இல் எழுதிய கட்டுரையில், திறமை இருந்தும் செலவைத் தாங்க முடியாத சிறுவர்கள் எவ்வாறு விடுபட்டுப் போகிறார்கள் என்பதை விளக்கினார்.

ஹைதராபாத்தின் பழைய காலத்தைப் பொற்காலமாக்கிப் பேசுவதும் சரியன்று. 1930களின் தொடக்கத்தில் தோன்றிய மொயின்-உத்-தௌலா கோப்பை ஒரு நவாபின் புரவலால் உருவானது. அசாருதீனும் வெங்கடபதி ராஜுவும் படித்த ஆல் செயின்ட்ஸ் போன்ற பள்ளிகளின் கிரிக்கெட் மரபு அங்கு இடம் பெற்ற மாணவருக்கே வாய்த்தது. நகரத்துச் சிறுவர் ஆடிய காலி நிலங்கள் பொதுவாக ஆவணப்படி விளையாட்டுத் திடல்கள் அல்ல. இன்னும் விற்கப்படாத மனைகள் மட்டுமே. விலை ஏறியதும் அவை மறைந்தன. விளையாட இடம் என்பது அன்றும் உரிமையாக இருந்ததில்லை. தயவாகவோ தற்செயலாகவோதான் இருந்தது.

சட்டம் இதை ஓரளவு மாற்ற முயன்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றின் அட்டவணையில் குடிநீர், கழிப்பறை ஆகியவற்றோடு விளையாட்டுத் திடலையும் சேர்த்தது. ஆனால் திடலின் பரப்பளவை அது வரையறுக்கவில்லை. சட்டத்தின் எல்லையும் எட்டாம் வகுப்போடு முடிகிறது. திடல் இல்லாமல் பள்ளி இருக்க முடியாது என்று 2023இல் அரியானா மாநில வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. இவற்றை நடைமுறைப்படுத்துமாறு கேட்கும் குரல்தான் வலுவாக எழவில்லை.

அக்குரல் ஏன் எழவில்லை என்பதற்கு ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் முன்வைத்த கருத்தாக்கம் விடை தருகிறது. ஓர் அமைப்பு சீரழியும்போது மக்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: வெளியேறுவது, அல்லது குரல் எழுப்புவது. குரல் எழுப்பும் ஆற்றல் மிக்கவர்களே முதலில் வெளியேறிவிட்டால், எஞ்சியோரின் குரல் எடுபடாது. வாடகை வலை நடுத்தர வகுப்பினருக்கு வெளியேறும் வாயிலாக அமைந்திருக்கிறது. மனு எழுதவும், தகவல் கோரவும், மாநகராட்சி அலுவலரைச் சந்திக்கவும் வல்ல பெற்றோருக்குத் திடல் தேவைப்படாமற் போகும் நாளில், திடலுக்காக வாதாட எவரும் இருக்கமாட்டார்கள். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு குடும்பத்தின் முடிவும் நியாயமானது. அம்முடிவுகளின் கூட்டு விளைவு நியாயமற்றது.

செய்யக்கூடியவை கைக்கெட்டாதவை அல்ல. முதலாவதாக, அரசுப் பள்ளிகள், கல்லூரிகளின் திடல்களை மாலையிலும் விடுமுறை நாள்களிலும் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். காவலர் ஊதியத்திற்கும் பராமரிப்பிற்கும் தனி நிதி ஒதுக்காமல் இதைச் செய்தால் சுமை தலைமையாசிரியர் மேல் விழும். கதவு மீண்டும் மூடப்படும். இரண்டாவதாக, ஹைதராபாத் பெருநகர மாநகராட்சி கோடைதோறும் மிகக் குறைந்த கட்டணத்தில் நடத்திவந்த பயிற்சி முகாம்களை ஆண்டு முழுவதற்கும் நீட்டிக்கலாம். மூன்றாவதாக, மாநகராட்சித் திடல்களிலேயே சிமென்ட் ஆடுதளமும் வலையும் அமைக்கலாம். மும்பையின் சிவாஜி பார்க் இதற்கு முன்மாதிரி. அங்கு சங்கங்களின் வலைகள் திடலுக்குள் இருக்கின்றன; வலையை விட்டு வெளியே வரும் சிறுவன் கால் வைப்பது பொதுத் திடலில். நான்காவதாக, தனியார் வலைகளில் வாடகைக்குப் போகாத நேரத்தை அருகிலுள்ள அரசுப் பள்ளி மாணவருக்கு ஒதுக்குவோருக்குச் சொத்துவரியில் சலுகை அளிக்கலாம்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி இந்திய அணி வரை உயர்ந்த தங்கராசு நடராஜன், 2023இல் தம் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் திடலை உருவாக்கித் திறந்தார். தமக்குக் கிடைக்காதது அடுத்த தலைமுறைக்குக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. ஒரு விளையாட்டு வீரர் தம் ஊருக்குச் செய்ததை, கோடிக்கு மேல் மக்கள் வாழும் மாநகரம் தன் பிள்ளைகளுக்குச் செய்ய முடியாது என்பதற்கு இடப்பற்றாக்குறை போதிய விளக்கமாகாது. நகரில் நிலம் இருக்கிறது; மாலை வேளைகளில் அதன் கணிசமான பகுதி பூட்டிய வாயிற்கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறது. அக்கதவுகளின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பதிலிருந்து, வாடகை வலைகளைப் பற்றிய விவாதம் தொடங்க வேண்டும்.