காட்சிச்சாலையும் காலமும்

சென்னை எழும்பூரில் உள்ள அருங்காட்சியகம் 1851 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதற்குச் சென்னை மக்கள் தம் பேச்சு வழக்கில் இட்ட பெயர் ‘செத்த காலேஜ்’ என்பதாகும். விலங்குக் காட்சிச்சாலையை அவர்கள் ‘உயிர் காலேஜ்’ என்று அழைத்தார்கள். ஏடு பயிலாத எளிய மக்கள் இட்ட பெயர்களே ஆயினும், இவற்றுள் ஆழ்ந்த கருத்து ஒன்று அடங்கியுள்ளது. இரண்டையும் அவர்கள் வேடிக்கைக் கூடங்களாக எண்ணவில்லை. கற்கும் இடங்களாகவே கொண்டார்கள். ஆயினும், ஒன்றில் உயிர் இல்லை, மற்றொன்றில் உயிர் உண்டு என்ற வேறுபாட்டையும் அவர்கள் மறக்கவில்லை.

தொடக்கத்தில் இவ்விரு கல்லூரிகளும் ஒரே வளாகத்தில் இருந்தன. அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளராக விளங்கிய எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர், 1855 ஆம் ஆண்டில் அதன் வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்து வளர்த்தார். அவற்றைக் காண மக்கள் திரண்டு வந்தனர். சில ஆண்டுகளுக்குப் பின் விலங்குகள் வேறிடத்திற்கு மாற்றப்பட்டன. 1985 ஆம் ஆண்டு முதல் அவை வண்டலூரில் இருக்கின்றன. இன்று இரண்டு கல்லூரிகளுக்கும் இடையே பல கல் தொலைவு உள்ளது. இத்தொலைவு இடத்தால் மட்டும் ஏற்பட்டதன்று, கருத்தாலும் ஏற்பட்டதாகும். பழம்பொருள் வேறு, உயிர்ப்பொருள் வேறு. காட்சிச்சாலை வேறு, வயலும் குளமும் கடலும் வேறு என்று எண்ணும் பழக்கம் எங்கும் பரவிவிட்டது.

இப்பழக்கம் மாற வேண்டும். காட்சிச்சாலை என்பது நான்கு சுவருக்குள் அடங்குவதன்று. ஓர் ஊரின் காட்சிச்சாலை அவ்வூரின் பருவங்களோடு சேர்ந்து இயங்குதல் வேண்டும். இளஞ்சிறாரைக் காலந்தோறும் அழைத்து, உள்ளே இருக்கும் பொருளையும் வெளியே இருக்கும் இயற்கையையும் இணைத்துக் காட்டுதல் வேண்டும். இக்கருத்து முற்றிலும் புதியதும் அன்று. 1899 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் புரூக்ளின் நகரில் சிறுவர்க்கென்றே ஒரு காட்சிச்சாலை நிறுவப்பட்டது. ‘தொடாதே’ என்று விலக்கப்பட்டு வந்த சிறுவர்கள், அங்கே பொருள்களைத் தொட்டுப் பார்த்தும் கேள்வி கேட்டும் கற்றார்கள். சென்னை அருங்காட்சியகத்திலும் சிறுவர்க்கெனத் தனிப்பகுதி ஒன்று உண்டு.

இம்முறையில் கற்பிப்பதற்குத் தமிழகத்தில் மிகப் பொருத்தமான நிலம் எது என்று கேட்டால், கன்னியாகுமரி மாவட்டம் என்று தயங்காமல் கூறலாம். 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் தமிழகத்தோடு இணைந்த இச்சிறு மாவட்டத்தில், மலையும் காடும் வயலும் கடலும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன. காலையில் மலையடிவாரத்தில் நின்ற ஒருவர் நண்பகலுக்குள் வயல்களைக் கடந்து மாலையில் கடற்கரையை அடைந்துவிடலாம். குறிஞ்சி முதல் நெய்தல் வரை இலக்கணப் பாடத்தில் மாணாக்கர் படிக்கும் திணைகளை ஒரே நாளில் கண்ணாரக் காணத்தக்க நிலம் இது. மேலும், தமிழகத்தின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருக்க, இம்மாவட்டம் தென்மேற்கு மழையையும் வடகிழக்கு மழையையும் ஒருங்கே பெறுகின்றது.

கன்னியாகுமரியில் அரசு அருங்காட்சியகம் ஒன்று 1991 ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் நாணயங்களும் தேர்ச் சிற்பங்களும் அங்கே உள்ளன. திமிங்கிலத்தின் எலும்புகளும் அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவ்வெலும்பைக் காணும் சிறுவன் அதன் பருமனைக் கண்டு வியக்கிறான். வியந்துவிட்டு வெளியே செல்கிறான். அவ்வளவில் அவன் கல்வி முடிந்துவிடுகிறது. ஆனால், அக்கூடத்திற்கு அருகிலேயே அத்தகைய உயிர்கள் வாழும் பெருங்கடல் அலைவீசிக் கிடக்கிறது. அவ்வெலும்பைக் கண்ட கண்ணோடு அவனைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, கடலின் ஆழத்தையும் நீரோட்டத்தையும் மீனினத்தையும் பற்றி ஒரு மீனவப் பெரியவர் வாயால் கேட்கச் செய்தால், அவன் பெறும் கல்வி எத்துணைச் சிறந்ததாகும்!

பருவம் ஒவ்வொன்றும் ஒரு பாடமாகும். ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தது தொல்காப்பியம். நாஞ்சில் நாட்டு உழவரோ பயிரின் பெயரிலேயே காலத்தைப் பதித்து வைத்தனர். கொல்லம் ஆண்டு முறையில் கன்னி என்பது புரட்டாசி. கும்பம் என்பது மாசி. கன்னி மாதத்தில் அறுவடையாவது கன்னிப்பூ. கும்ப மாதத்தில் அறுவடையாவது கும்பப்பூ. பயிரின் பெயரைச் சொன்ன அளவிலே அதன் அறுவடைக் காலமும் விளங்கிவிடுகிறது. மரக்கால் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆண்டு முழுவதும் வைத்திருப்பதைக் காட்டிலும், கும்பப்பூ அறுவடை நாளில் அதனைக் களத்திற்கு எடுத்துச் சென்று, புதுநெல்லை மாணாக்கர் கையால் அளக்கச் செய்வது மேலானது. அளந்து பார்த்த பிறகு, வயலின் பரப்பைக் ‘கோட்டை விதைப்பாடு’ என்று முன்னோர் கூறியதன் பொருள் அவர்களுக்குத் தானே விளங்கும். ஒரு கோட்டை விதை விதைப்பதற்கு வேண்டிய நிலமே அது. நிலத்தை விதையால் அளந்த மக்கள், நிலத்தின் பயன் யாது என்பதை நன்கு உணர்ந்தவர்கள் அல்லரோ?

ஆனியும் ஆடியும் தென்மேற்குக் காற்றின் காலம். ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே காற்று பெருகி வீசுகிறது. முப்பந்தலில் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் சுழல்கின்றன. மலைகளுக்கு நடுவே இடைவெளி குறுகும்போது காற்றின் விரைவு மிகும் என்னும் அறிவியல் உண்மையை அங்கு நின்றே உணரலாம். அக்காலத்தில் கடலும் கொந்தளிக்கும். மீன்கள் இனம் பெருகுவதற்காக விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஒன்று விதிக்கப்படுகிறது. இம்மாவட்டத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் நடுவில் தொடங்கும் அத்தடை, மேற்குக் கரையில் ஜூன், ஜூலைத் திங்கள்களில் நடைபெறுகிறது. ஒரே மாவட்டத்தில் இருவேறு தடைக்காலங்கள் ஏன் என்று ஒரு மாணவன் கேட்பானாயின், இரு கரைகளின் இயல்பையும் பருவக்காற்றின் போக்கையும் அவன் ஒருங்கே அறிந்துகொள்வான்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை பெய்து குளங்கள் நிரம்பும். அப்பொழுது வடபுலத்திலிருந்து வலசைப் பறவைகள் வரத் தொடங்கும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகு வாத்தும் நெடுந்தொலைவு பறந்து வந்து இந்நீர்நிலைகளில் தங்குகின்றன. கூழைக்கடாக்களும் நாரைகளும் மீன் தேடி இறங்குகின்றன. சுசீந்திரம் தேரூர்ச் சதுப்புநிலத் தொகுதியும் வேம்பனூர்ச் சதுப்புநிலத் தொகுதியும் 2022 ஆம் ஆண்டில் ‘ராம்சார்’ தலங்களாக அறிவிக்கப்பட்டன. ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் 1971 ஆம் ஆண்டில் ஏற்பட்ட உலக உடன்பாட்டின்படி சிறப்பிடம் பெறும் நீர்நிலைகளே அவ்வாறு அழைக்கப்படுகின்றன. உலகம் போற்றும் அக்குளத்தைத் தன் ஊர்க்குளம் என்று மட்டுமே அறிந்திருக்கும் சிறுவன், அங்கு வரும் விருந்தினர் எங்கிருந்து வருகின்றனர் என்பதையும் அறிய வேண்டுமன்றோ?

மாசி, பங்குனியில் கடலாமைகள் கரையேறி மணலைத் தோண்டி முட்டையிடுகின்றன. அவற்றுள் ஒன்றிற்குத் தமிழர் ‘பங்குனி ஆமை’ என்றே பெயரிட்டனர். அது கரைக்கு வரும் காலத்தை அதன் பெயரே அறிவிக்கிறது. வேனிற்காலமோ பனையின் காலம். பனையேறுவோரின் அரிவாள்பெட்டியும் கலயமும் காட்சிச்சாலையில் இருப்பின், அவை வெறும் பெட்டியும் பானையுமாகவே தோன்றும். பனந்தோப்பிற்குச் சென்று, பாளை சீவப்படுவதையும், பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவப்படுவதையும் கண்ட மாணவனுக்கோ அவை ஓர் உழைப்பின் வரலாறாகவும் வேதியியலின் விளக்கமாகவும் தோன்றும்.

இவ்வாறெல்லாம் செய்வது காட்சிச்சாலையின் கடமையா என்று சிலர் வினவுவர். பழம்பொருளைச் சிதையாமல் காப்பதே அதன் முதற்கடமை என்பது உண்மைதான். செப்புத் திருமேனியையும் பழைய நாணயத்தையும் எல்லார் கையிலும் கொடுத்துவிட முடியாது. ஆனால், மரக்காலும் கலயமும் சிப்பியும் விதையும் அத்தகையன அல்ல. அவற்றுள் ஒரு படியைக் காப்பில் வைத்து, மற்றொரு படியைக் கைக்குக் கொடுக்கலாம். தேர்வுக்குப் படிக்கும் காலம் வீணாகும் என்று பெற்றோர் சிலர் அஞ்சுவர். திணையும் பொழுதும் தமிழ்ப்பாடம். காற்றும் மழையும் புவியியல். பறவையும் மீனும் உயிரியல். அளவை முறை கணக்கு. தனித்தனியே மனப்பாடம் செய்யும் பாடங்கள் ஒரு வயல்வரப்பில் ஒன்றுகூடுமானால், அதனால் இழப்பு ஏது?

நீர்நிலைக்கும் கடற்கரைக்கும் சிறுவரை அழைத்துச் செல்வதில் இடர் உண்டு என்பதும் மறுக்கத்தக்கதன்று. அதனால்தான் இப்பணி ஓர் ஆசிரியரின் தனிமுயற்சியாக நின்றுவிடாமல், காட்சிச்சாலையும் பள்ளியும் ஊர்ப் பெரியோரும் கூடி நடத்தும் முறையான பணியாக அமைதல் வேண்டும். சிறு குழுக்களாகச் செல்லுதல், இடமறிந்த பெரியவரைத் துணைக்கொள்ளுதல், கூடுகட்டும் பறவையையும் முட்டையிடும் ஆமையையும் தொலைவில் நின்றே காணுதல் என்னும் ஒழுங்குகளைக் கற்பதும் கல்வியின் பகுதியே ஆகும்.

இவற்றையெல்லாம் இன்றே தொடங்க வேண்டும் என்பதற்கு வலிய காரணம் ஒன்று உண்டு. நாஞ்சில் நாட்டின் நெல்வயல்கள் குறைந்து வருகின்றன. வயல்கள் வாழைத்தோட்டங்களாகவும் தென்னந்தோப்புகளாகவும் மாறின. பின்னர் வீட்டுமனைகளாகவும் மாறின. குளங்கள் பல தூர்ந்தன. கட்டிச்சம்பா முதலிய பழைய நெல்வகைகளின் பெயர்களை முதியோரே அறிவர். வயல் மறைந்தபின் கன்னிப்பூ என்னும் சொல்லுக்குப் பொருள் இல்லை. குளம் மறைந்தபின் பறவைக்கு வரவு இல்லை. ஒரு பொருளின் பெயரை அறியாதவன் அதன் இழப்பையும் அறியான். அறியாத இழப்பிற்கு எவரும் வருந்துவதில்லை. வருந்தாதவர் காக்க முற்படுவதும் இல்லை. இன்று குளக்கரையில் பறவையின் பெயரைக் கற்கும் சிறுவனே நாளை அக்குளத்தை மண்ணிட்டு மூட வருவோரிடம் ‘இது எங்கள் குளம்’ என்று எடுத்துரைக்க வல்லவன் ஆவான்.

பழமையைப் போற்றுவதும் இயற்கையைப் போற்றுவதும் வேறு வேறு அல்ல என்பதற்கு நாஞ்சில் நாடே ஒரு சான்றோரைத் தந்துள்ளது. 1876 ஆம் ஆண்டில் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தார். குழந்தைகளுக்காக இனிய எளிய பாடல்களை இயற்றினார். அவரே கல்வெட்டுகளை ஆராய்ந்த வரலாற்று அறிஞராகவும் விளங்கினார். கல்லில் பொறித்த பழஞ்சொல்லையும் கன்றையும் பறவையையும் ஒரே உள்ளத்தால் நேசித்தவர் அவர். அத்தகைய உள்ளத்தை இளைஞரிடம் வளர்ப்பதே காட்சிச்சாலையின் தலையாய பயனாகும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. திங்களுக்கு ஒரு நாள், பருவத்திற்கு ஏற்ற ஓர் இடம், உடன்வர ஓர் உழவரோ மீனவரோ பனையேறுவோரோ, கண்டதை எழுதிவைக்க மாணவர் கையில் ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். ஆண்டுதோறும் எழுதப்பெறும் அக்குறிப்பேடுகள் காட்சிச்சாலையில் சேர்த்து வைக்கப்படுமாயின், எந்த ஆண்டில் மழை தாழ்த்தது, எந்த மாதத்தில் பறவை வந்தது, எந்த வயல் தரிசாயிற்று என்பவற்றிற்கு அவையே சான்றாகும். அவ்வாறு அமையும்போது மாணாக்கர் காட்சிச்சாலையைப் பார்வையிட வருவோராக மட்டும் இரார். அதனை ஆக்குவோராகவும் இருப்பர்.