பிள்ளைமடுவமே முதல் ஆடுகளம்

கல்லூரியொன்று விழாக் கொண்டாடுங்கால் அதன் மைதானத்தையும் வெற்றிக் கேடயங்களையும் போற்றிப் பேசுதல் வழக்கம். அது தக்கதே. ஆயினும், அம்மைதானத்தில் ஓடும் மாணவன் ஓடும் விருப்பை எங்கே பெற்றான் என நாம் வினவுவதில்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்னும் முதுமொழி உள்ளத்திற்கு மட்டுமன்றி உடலுக்கும் பொருந்தும்.

ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றிற்கு 180 நிமிடமேனும் உடலியக்கத்தில் ஈடுபடல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் விதந்துரைத்தது. தொடர்ந்து ஒரு மணி நேரத்திற்கு மேல் அவர்களைக் கட்டுப்படுத்தி வைத்தலும் ஆகாது என்றது.

இவ்வளவுகோலை ஊவாத் தோட்டங்களில் வைத்துப் பார்ப்போம். பசறையிலும் நமுனுகுலையிலும் தெமோதரையிலும் தாய் கொழுந்தெடுக்க மலையேறுகின்றாள். குழந்தை பிள்ளைமடுவத்தில் விடப்படுகின்றது. பழைய லயக் காம்பராவோ பத்தடிக்குப் பன்னிரண்டடி. சமையலும் உறக்கமும் அதனுள்ளேயே நிகழ, குழந்தை தவழ இடமேது? வாசலைத் தாண்டினாற் கான், அதற்கப்பாற் சரிவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசலும் இல்லை. பல குழந்தைகளைக் காக்கும் பெண் அவர்களை ஓரிடத்தில் இருத்தவே முனைவாள். அது அவள் குற்றமன்று, இடத்தின் குறையே. மாலையில் அக்குழந்தையை அடக்கக் கைப்பேசியும் வந்துவிட்டது.

மலைநாட்டுப் பிள்ளைகள் மேடுபள்ளம் ஏறி இறங்குபவர்கள். அவர்களுக்கு விளையாட்டு எதற்கு என்பர் சிலர். அந்நடை பள்ளிப் பருவத்தில் வருவது. நாம் பேசுவதோ அதற்கு முற்பட்ட ஆண்டுகளை. உணவன்றோ முதலில் வேண்டும் என்பர் வேறு சிலர். உண்மையே. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வயதிற்கேற்ற உயரமின்றிக் குன்றிய ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேராக, தோட்டப்புறத்தில் 32 பேர் அளவில் இருந்தனர். ஆனால் உணவும் ஆட்டமும் ஒன்றற்கொன்று பகையல்ல; வளரும் உடலுக்கு இரண்டும் வேண்டும்.

ஆதலின் பழைய மாணவரை நாம் வேண்டுவது இதுவே. இவ்விழாவின் நினைவாகத் திரட்டும் நிதியில் ஒரு பகுதியைப் பிள்ளைமடுவங்களுக்கு ஒதுக்குக. அருகே சிறிது நிலத்தைச் சமப்படுத்தி, வேலியிட்டு, கானை மூடி, மழைக்கொரு கூரை வேய்ந்து, சில பந்துகளும் கயிறுகளும் அளித்தாற் போதும். பெருங் கட்டடத்திற்காகும் செலவு இதற்கு வேண்டுவதில்லை. லயத்திற் பிறந்து இக்கல்லூரியாற் கற்றுயர்ந்தோர் நம்மிடைப் பலர். தத்தம் தோட்டத்திற்கு ஒவ்வொருவரும் இதனைச் செய்ய முன்வருவாராக.