நிலாவெளியில் ஆளில்லாத கடற்கரை

ரொறன்ரோவிலிருந்து நண்பர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். வருகிற யூலையில் நிலாவெளிக்கு வருகிறாராம். நிலக்காட்சிகள் எடுப்பதற்கென்று 120 சுருள் போடும் பழைய கமரா ஒன்று வாங்கப்போகிறார். எதை வாங்கலாம் என்று கேட்கிறார். ஹஸல்பிளாட், மமியா ஆர்பி67, பென்டக்ஸ் 67 என்று ஒரு பட்டியலும் இணைத்திருக்கிறார். கடைசியில் ஒரு பின்குறிப்பு: ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்துவைக்க வேண்டுமாம்.

கமராவைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் இரண்டு வரியில் பதில் எழுதியிருப்பேன். அந்தப் பின்குறிப்புக்காகத்தான் இந்தப் பதிவு.

பெரிய நெகடிவ் எதற்காக? மணலின் வரியும் பாறையின் சொரசொரப்பும் துல்லியமாக வருவதற்கு என்பார்கள். 35 மி.மீ. பிலிமின் பரப்பைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு, ஆறுக்கு ஆறு சதுரத்தில் கிடைக்கிறது. உண்மைதான். ஆனால் அந்தப் பரப்பின் அருமையை நான் அறிந்துகொண்டது மணலிலும் பாறையிலும் அல்ல.

2003இல், போர்நிறுத்தக் காலத்தில், இரவல் வாங்கிய யஷிகா மாட் ஒன்றுடன் நிலாவெளிக்குப் போயிருந்தேன். காலை வேளை. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் புறாத்தீவு தெரிந்தது. நானும் அன்று நிலக்காட்சிதான் எடுத்தேன். கயிற்றைப் பிடித்தவர்கள் எனக்கு முப்பது மீற்றர் தொலைவில் நின்றார்கள். அந்தத் தொலைவில் ஒரு மனிதனின் முகம் நெகடிவில் அரை மில்லிமீற்றர்கூடச் சரியாக வராது. கடுகைவிடச் சிறியது. படம் பத்திரிகையில் வரவில்லை. செய்தி ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு அந்தக் கரையில் வாடிகள் இல்லை. அடுத்த ஆண்டு பிரதியொன்றை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பெண் அதை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, கயிற்றில் மூன்றாவதாக நின்றவரின் மேல் விரல் வைத்தார். கணவர். வீட்டோடு படங்களும் போய்விட்டன. சாமிப்படத்தின் பக்கத்தில் வைப்பதற்கு ஒரு முகம் இல்லை. திரும்பிவந்து அந்தக் கடுகைப் பெருப்பித்தேன். மங்கல்தான். ஆனால் ஆள் தெரிந்தது. என் கழுத்தில் வழக்கமாகத் தொங்கும் 35 மி.மீ. கமராவில், 50 மி.மீ. வில்லையால் எடுத்திருந்தால், அதே முகம் மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்காகத்தான் விழுந்திருக்கும். பிலிமின் துகளைத் தவிர வேறொன்றும் மிஞ்சியிருக்காது.

ஆகவே இவ்வளவு பெரிய நெகடிவைச் சுமந்துவந்து ஆளில்லாத மணலை எடுக்கப்போகிறேன் என்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. உடனே ஆன்சல் அடம்ஸைக் காட்டுவார்கள். 1960இல் யொசமிட்டியில் பாறைக்கு மேல் நிலவை அவர் எடுத்தது ஹஸல்பிளாடில்தான்; மகத்தான படம். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு தானாக ஆளற்றுப் போனதல்ல. அங்கு வாழ்ந்த அவானீச்சி மக்களைத் துரத்த 1851இல் ஆயுதப்படை நுழைந்தது. நிலாவெளியிலிருந்தும் 1990இல் சனம் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தது. இங்கே கடற்கரை வெறிச்சோடிக் கிடந்த காலம் எது என்று ஊரில் யாரையும் கேட்டுப்பாருங்கள். அழகான காலம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். நிலத்தைச் சொன்னால் அங்கு வாழும் மக்களையும் தொழிலையும் சேர்த்தே சொல்வது நமது திணை மரபு. பரதவர் இல்லாத நெய்தல் எங்கிருந்து வந்தது? சுற்றுலாத் துண்டுப்பிரசுரத்திலிருந்து வந்திருக்கலாம்.

இனிக் கமரா. யஷிகா மாட் 124ஜி வாங்குங்கள். கையில் பணம் இருந்தால் ரோலிஃபிளெக்ஸ். மமியா ஆர்பி67 வில்லையோடு இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது. மணலில் அரை மைல் நடந்தால் தெரியும். பென்டக்ஸ் 67 அருமையான கருவி, ஆனால் மின்கலம் தீர்ந்தால் ஷட்டர் இயங்காது. உள்ளே கண்ணாடி எழும்பி அடிக்கும் அதிர்வு வேறு. யஷிகாவுக்கு இந்த வில்லங்கங்கள் இல்லை. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். வில்லையை மாற்ற முடியாது. மேல்வில்லையால் பார்த்துக் கீழ்வில்லையால் எடுப்பதால், வடிகட்டி போட்டால் அதன் விளைவை நேரே பார்க்கவும் முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கமராவை இடுப்பளவில் வைத்து, தலையைக் குனிந்து பார்க்கவேண்டும். எதையாவது முகத்துக்கு நேரே நீட்டினால் திடுக்கிட்டுப்போகும் மனிதர்கள் இம்மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். விலையைவிட எனக்கு அது பெரிய காரணம்.

ஸ்லைட் பிலிம் வேண்டாம். வெண்மணலையும் வெயிலில் கறுத்த முகத்தையும் ஒரே சட்டத்தில் அது தாங்காது, நெகடிவ் தாங்கும். மணலை அளந்தால் ஒளிமானி ஏமாறும், ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டொப் கூட்டுங்கள். விமான நிலையத்தில் சுருள்களைக் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். புதிய சிரி ஸ்கானர்கள் பிலிமைப் பழுதாக்கும். மாலையில் உப்புப் போகத் துடைத்துவையுங்கள்.

ஒரு சுருளில் பன்னிரண்டு படம். நான்கு சுருள் போதும்.

ஆள் நடமாட்டம் இல்லாத இடம் எனக்குத் தெரியாது, நண்பரே. வலை இழுக்கும் இடம் தெரியும், விடியவே கூட்டிப்போகிறேன். கயிற்றில் ஆள் குறைந்தால் உங்களையும் கூப்பிடுவார்கள். அப்போது கமராவை வாடிக்குள் வைத்துவிட்டு வரவேண்டியிருக்கும்.