சங்கச் சுவரும் மலைச் சித்திரமும்

நமது சங்கக் கட்டிடங்களின் வெளிச்சுவர்கள் பெரும்பாலும் விளம்பரங்களுக்கே பயன்படுகின்றன. ஒரு சுவரையேனும் நீலகிரிக் குறும்பர் சித்திரக்காரர்களுக்கு அளித்து, அருகிவரும் விலங்குகளை வரையச் செய்யலாம் என்பது என் கருத்து.

மண், இலைச்சாறு, மரப்பிசின் கொண்டு சுவரில் வரைவது ஆலு குறும்பரின் பரம்பரை வழக்கு. வெள்ளரிக்கொம்பைக்கு அருகிலுள்ள எழுத்துப்பாறையின் பழஞ்சித்திரங்களைத் தம் முன்னோர் வரைந்தவை என்கின்றனர்.

மலை விலங்குக்கும் காரியாபட்டிக்கும் என்ன சம்பந்தம் என அங்கத்தினர் வினவலாம். திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாறு சாப்டூர் மலைச்சரிவில் அன்றோ பிறக்கிறது! நம் மாவட்டத்து மேற்கு மலைகளில் சாம்பல் நிற அணில் வாழ்கிறது. அதற்கென 1988-ல் திருவில்லிபுத்தூரில் சரணாலயம் ஏற்பட்டது. நீலகிரியிலுள்ள வரையாடும் அங்கு உண்டு. மாநில விலங்கான அது, 2025 கணக்கெடுப்பின்படி தமிழ்நாடு முழுவதிலும் 1,303 மட்டுமே. நமது பிர்காவின் வெள்ளாடுகளே இதனினும் அதிகமிருக்கும்.

ஆனால் வரைபவருக்கு வெள்ளையடிக்கும் நாட்கூலி தந்தனுப்புவது தகாது. டிசைன் போட்டவர் பெயரின்றிச் சேலை விலைபோகும் வருத்தம் நெசவாளர் அறியாததன்று. முன்கூட்டி விலை பேசி, வழிச்செலவும் தந்து, சித்திரத்தின் கீழ் அவர் பெயரையும் ஊரையும் எழுதவேண்டும். அச்சுப்படத்தைப் பார்த்து உள்ளூர்ப் பெயிண்டரைக் கொண்டு நகலெடுத்தால் செலவு குறையும். அது பிறர் நூலைத் தம் தறியில் ஓட்டுவதற்கு ஒப்பாகும்.

நிகர லாபத்தில் பொதுநலத்திற்கென ஒதுக்கும் தொகையிலிருந்து இதற்குச் செலவிடலாம். அடுத்த மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் நிர்வாகக் குழுவினர் இதனைச் சேர்க்க வேண்டுகிறேன்.