முதல் சுற்றில் ஒரு ரிசீவர்

அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே பேக்கர்ஸ் ரசிகர்கள் ஏப்ரலில் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வந்தால் ஒரே கேள்வியில் மல்லுக்கட்டி வந்தார்கள்: முதல் சுற்றில் ரிசீவரை, அதாவது வீசும் பந்தைப் பிடிக்கும் வீரரை, எப்போது எடுப்பார்கள்? 2002இல் ஜவான் வாக்கரை எடுத்த அணி, அடுத்த 22 டிராஃப்ட்களில் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

நிர்வாகத்திடமும் நியாயம் உண்டு. கிரெக் ஜென்னிங்ஸ், ஜோர்டி நெல்சன், டவான்டே ஆடம்ஸ் மூவரும் இரண்டாம் சுற்றில் கிடைத்த முத்துகள்.

ஆனால் 2022இல் செய்தது தவறு. ஆடம்ஸை லாஸ் வேகஸுக்கு அனுப்பிவிட்டு, கையிலிருந்த இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் தற்காப்புக்கே செலவிட்டார்கள். சீசனின் முதல் போட்டி மின்னசோட்டாவுடன். பேக்கர்ஸ் தாக்குதலின் முதல் நகர்விலேயே ஆரன் ராட்ஜர்ஸ் நெடுந்தூரம் வீசினார். காவலரைத் தாண்டி ஓடிய புதுமுக ரிசீவர் கிறிஸ்டியன் வாட்சனுக்கு முன்னால் யாருமே இல்லை. பந்து கையில் பட்டு நழுவியது. 23-7 எனத் தோல்வி. வாட்சனைத் திட்டுவது அநியாயம். ஆடம்ஸின் சுமையை அவ்வளவு சீக்கிரம் அவர் தலையில் ஏற்றியவர்கள்தான் பொறுப்பு.

2025 டிராஃப்ட் கிரீன் பேயிலேயே நடந்தது. 23ஆவது தேர்வாக ரிசீவர் மேத்யூ கோல்டன் பெயரை அறிவித்ததும் கூட்டம் ஆர்ப்பரித்தது. ரசிகர்களே பங்குதாரர்களாக இருக்கும் அணி இது. அந்தக் குரலுக்கு மூன்றாண்டு முன்பே காதுகொடுத்திருக்க வேண்டும்.