கவுன்சில் ஃப்ளாட்: சாவி உங்களுது, கூரை யாருது?

"லண்டன்ல எக்ஸ்-கவுன்சில் ஃப்ளாட் ஒண்ணு சீப்பா வருது, வாங்கிப் போடு!" இந்த அட்வைஸ் குடுக்காத மாமாவே அந்த ஊர்ல கிடையாது. ரூம் பெருசு, ட்யூப் ஸ்டேஷன் பக்கம், பக்கத்து பிரைவேட் ஃப்ளாட்டை விட விலை கம்மி. எல்லாம் நிஜம்தான். ஆனா ஏன் கம்மி? பி.காம். படிக்கிற நாமளாவது கேப்போமே.

தாட்சர் அரசு 1980 ஹவுசிங் ஆக்ட் மூலமா 'ரைட் டு பை' கொண்டு வந்துச்சு. வாடகைக்கு இருந்தவங்களுக்கே கவுன்சில் தள்ளுபடியில வித்துச்சு. ஃப்ளாட்டுக்கு 1986 சட்டத்துக்கு அப்புறம் 70 சதவீதம் வரைக்கும் தள்ளுபடி. ஆனா ஃப்ளாட் வாங்கினவங்க கைக்கு வந்தது பொதுவா 125 வருஷ லீஸ்தான். நம்ம ஊர் பத்திரத்துல யு.டி.எஸ்.னு நிலத்துல ஒரு பங்கு இருக்குமே, அது அங்க இல்லை. நிலம், கூரை, லிஃப்ட் எல்லாம் கவுன்சிலோடது. ரிப்பேர் பில்லுல பங்கு மட்டும் உங்களோடது!

இங்கதான் வில்லங்கம். கூரை மாத்தணும், ஜன்னல் மாத்தணும்னு கவுன்சில் முடிவு பண்ணும். ஒரு ஃப்ளாட்டுக்கே பத்தாயிரக்கணக்கான பவுண்டு பில் வந்திருக்கு. ஒருத்தர் பங்கு 250 பவுண்டுக்கு மேல போனா முதல்ல நோட்டீஸ் குடுத்து கருத்து கேக்கணும்னு சட்டம் இருக்கு. கேக்கணும், அவ்ளோதான். கேட்டபடி நடக்கணும்னு இல்லை. ட்ரிப்யூனலுக்குப் போகலாம். செலவு நியாயமா இல்லையான்னு அது பாக்கும். உங்க கையில காசு இருக்கான்னு பாக்காது.

கவுன்சில் முதல்ல விக்கும்போது குடுத்த எஸ்டிமேட்டுக்கு மேல (விலைவாசி ஏற்றம் தவிர) ரிப்பேருக்கு கேக்கக் கூடாதுன்னு 5 வருஷப் பாதுகாப்பு உண்டு. செகண்ட் ஹேண்டா வாங்குறவங்க பெரும்பாலும் அது முடிஞ்சப்புறம்தான் வர்றாங்க. 2014-ல 'ஃப்ளோரி சட்டம்'னு உச்சவரம்பு வந்துச்சு: 5 வருஷத்துக்கு லண்டன்ல 15,000 பவுண்டு, வெளியில 10,000. ஆனா மத்திய அரசு பணம் போட்ட வேலைக்கு மட்டும்தான். கவுன்சில் தன் பணத்துல செஞ்சா அந்த வரம்பு கிடையாது.

"கூரை ஒழுகினா யாராவது குடுக்கணும்ல? வாடகைக்கு இருக்குற ஏழைங்க தலையில கட்டலாமா?"ன்னு கேப்பீங்க. கட்டக் கூடாது. குடுக்கறது என் பிரச்சினை இல்லை. முடிவு பண்றவன் ஒருத்தன், காசு குடுக்கறவன் இன்னொருத்தன், அதுதான் பிரச்சினை.

கம்பெனின்னா கண்டிஞ்சன்ட் லயபிலிட்டியை நோட்ஸ்ல காட்டணும்னு மனப்பாடம் பண்றோம். இங்க ரிப்பேர் விவரமெல்லாம் விலை பேசி முடிச்சப்புறம்தான் வக்கீல் கைக்கே வருது. அடுத்த 10 வருஷ ரிப்பேர் திட்டமும் உத்தேச செலவும் விளம்பரத்துலயே விலைக்குப் பக்கத்துல இருக்கணும். அதைப் போட வைக்க ஒரு சட்டம் வேணும்.

அது வர்ற வரைக்கும் மூணு விஷயம் கேளுங்க: லீஸ்ல மீதி எத்தனை வருஷம், கடைசி 3 வருஷ சர்வீஸ் சார்ஜ் கணக்கு, வரப்போற ரிப்பேர் லிஸ்ட். இது தெரியாம வாங்கினா, யானையை சீப்பா வாங்கிட்டு தீனிக்கு அலையுற கதைதான் :-)